அம்பு விடும் தூரம்

எங்கள் பள்ளிக்கூடச் சமையலறை ஃப்ரீசருக்குள் ஓர் ஆள் தாராளமாக நுழையலாம். கதவு ஒரு நிமிஷத்துக்கு மேல் திறந்திருந்தால் கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்துவிடும். அந்த வருஷம் ஆகஸ்ட் கடைசியில் அது அடிக்கடி கத்தியது. போய்ப் பார்த்தால் முர்தினா உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல், வெள்ளைப் புகை காலைச் சுற்றிக்கொண்டிருக்க வாசலில் நிற்பாள். கையில் ஒன்றும் இருக்காது.

"மீன் எடுக்க வந்தியா, பட்டாணி எடுக்க வந்தியா?" என்று கேட்டேன்.

"மறந்துட்டேன். நீ எடுத்துக் குடு, கிரேஸ்லின். எனக்குக் கை வரல."

அன்றிலிருந்து ஃப்ரீசருக்குப் போவது என் வேலையாயிற்று. முர்தினா தலைமைச் சமையல்காரி; நான் உதவிக்காரி. நாகர்கோவிலில் உயிரியல் சொல்லிக்கொடுத்தவள், ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் உருளைக்கிழங்கு உரிக்கிறேன். பதினாலு வருஷமாகிறது. கேலிக் மொழி நன்றாகவே வந்துவிட்டது. பயம்தான் போகவில்லை. ஓய்வுநாளில் எந்த வேலையும் செய்யக் கூடாத ஊர் இது. ஞாயிற்றுக்கிழமை ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு, கொடியில் போட்டால் யார் பார்ப்பார்கள் என்று இன்றைக்கும் ஜன்னலோரம் நின்று யோசிக்கிறவள் நான்.

முர்தினாவுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. அகலமான தோள், எதற்கும் முதலில் சிரித்துவிட்டுப் பிறகு பேசுகிற சுபாவம். முதல் நாளே தன் பெயருக்கு விளக்கம் சொன்னாள். "தாத்தா பேர் முர்டோ. பையன் வருவான்னு பேரோட காத்திருந்தாங்க. நான் வந்தேன். பேரை வீணாக்க முடியுமா? ஒரு வாலை ஒட்டி எனக்கே வெச்சுட்டாங்க."

இங்கே பிள்ளைக்குப் பெயரை யாரும் யோசித்து வைப்பதில்லை. இறந்தவர்கள், வயதானவர்கள் எல்லாருடைய பெயரும் வரிசையில் நிற்கும். அடுத்த பிள்ளை பிறந்ததும் வரிசையில் முதலில் நிற்கிற பெயர் அதன்மேல் வந்து உட்காரும். முர்தினாவின் மகள் எஃபிக்கு அப்போது ஒன்பது வயது. முர்தினாவுடைய அம்மாவின் பெயர் அது. எஃபிக்கு அடுத்து ஒரு பையன் பிறந்திருந்தால் டோர்மோட் என்று வைத்திருப்பார்கள். டோர்மோட் முர்தினாவின் கணவன் ரூரியின் தம்பி. பத்தொன்பது வயதில், இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பு, மீன்பிடி படகிலிருந்து விழுந்தவன். உடல் கிடைக்கவில்லை. கல்லறையில் கல் இருக்கிறது, அடியில் ஒன்றும் இல்லை.

செப்டம்பர் முதல் வாரம் ரூரி சமையலறைப் பின்வாசலுக்கு வந்தான். லாரி இன்ஜினை ஓடவிட்டபடியே இறங்கி என்னிடம் கேட்டான்: "உன் சிநேகிதிக்கு என்ன ஆச்சு? வீட்டு ஃப்ரீசரை அணைச்சு வெச்சிருக்கா. அரை ஆடு அழுகிப்போச்சு. நாய்கூட மோந்துட்டுப் போயிடுச்சு."

"அணைக்கல. ஒயர் கழண்டிருந்துச்சு," என்றாள் முர்தினா என் பின்னாலிருந்து.

"தானாக் கழண்டுச்சா?"

"ஆமா. தானா நடக்கிறதுதானே உனக்குப் பிடிக்கும்?"

லாரி போன பிறகு அவள் ஏப்ரனுக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மாவு மேசையில் வைத்தாள்.

கிளாஸ்கோ மருத்துவமனைக் கடிதம். எஃபி அங்கேதான் சோதனைக்குழாயில் உருவானாள்; அது ஊருக்கே தெரியும். ஞானஸ்நானத்தன்று சபை முழுக்க எழுந்து நின்று பாடியது. ஊருக்குத் தெரியாதது, எஃபியோடு சேர்ந்து உருவான இன்னும் மூன்று கருக்கள் அங்கே உறையவைக்கப்பட்டிருந்தன என்பது. எஃபி பிறக்கும்போது ரத்தம் நிற்காமல் போய், முர்தினாவின் கருப்பையை எடுத்துவிட்டார்கள். அந்த மூன்றும் அங்கேயே இருந்தன. பத்து வருஷம் முடிகிறது, அக்டோபர் முப்பத்தொன்றுக்குள் கணவன் மனைவி இருவரும் கையெழுத்திட்டுப் பதில் அனுப்பவும் என்று கடிதம் சொன்னது. நாலு கட்டங்கள். இன்னும் பத்து வருஷம் வைத்திருக்க, வேறொரு தம்பதிக்குக் கொடுக்க, ஆராய்ச்சிக்குக் கொடுக்க, உறைநிலையிலிருந்து எடுத்து முடிந்துபோகவிட. பதில் வராவிட்டால் நாலாவதைத் தாங்களே செய்துவிடுவார்களாம்.

"நீ இதையெல்லாம் படிச்சவ. சொல்லு, அது என்ன? அந்த மூணும் என்ன?"

நான் டீச்சர் மாதிரிப் பதில் சொன்னேன். அதுதான் நான் செய்த தப்பு. "அஞ்சு நாள் வயசு. நூறு செல் இருக்கும். நரம்பு கிடையாது, வலி தெரியாது. பென்சில் முனையால வெச்ச புள்ளி அளவு."

அவள் மேசையில் சிந்தியிருந்த மாவை விரலால் தொட்டுப் பார்த்தாள். "எஃபியும் அந்தப் புள்ளியாத்தானே இருந்தா," என்றாள். பிறகு அடுப்பை அணைக்கப் போய்விட்டாள். இன்றைக்கும் ராத்திரி அந்தப் புள்ளி என் கண்ணுக்குள் வரும்.

பத்து வருஷம் தள்ளிப்போட அவளுக்கு மனதில்லை. "அதைத்தானே இத்தனை நாள் செஞ்சேன்? அம்பத்தேழு வயசுல இதே கடிதம் வரும். நான் போனப்புறம் எஃபிக்கு வரும்." ஆராய்ச்சி என்ற கட்டத்தை அவள் பார்க்கவே இல்லை. வேறொரு தம்பதிக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தாள். ரூரி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான்.

"மாட்டேன். டோர்மோட் மூஞ்சியோட ஒருத்தன் லீட்ஸ்ல பஸ்ல உக்காந்திருப்பான். நான் யாரோன்னு தாண்டிப் போவேன். அவனை ஒரு தடவை தொலைச்சது போதும்."

"அப்ப என்னதான் செய்யச் சொல்ற?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். தேதி தானாப் போகும்."

இதுதான் அவர்களுக்குள் நின்ற சண்டை. அவன் கடிதத்தைக் கடிகாரத்துக்குப் பின்னால் செருகுவான். அவள் எடுத்து மேசையில் வைப்பாள். மறுநாள் மறுபடி கடிகாரத்துக்குப் பின்னால் இருக்கும். நடக்கப்போவது எதுவானாலும் தெரிந்து, பார்த்து, தன் கையால் நடக்க வேண்டும் என்பது அவள் கட்சி. அப்படி இல்லாவிட்டால் செப்டம்பர் கடைசியில் வருகிற திருவிருந்துக்குத் தான் போக முடியாது என்றாள்.

இங்கே கோயிலுக்கு வருவது வேறு, அப்பமும் திராட்சரசமும் வாங்கத் திருவிருந்து மேசைக்குப் போவது வேறு. அறுபது வருஷம் ஒரு ஞாயிறு தவறாமல் வந்து, தகுதியில்லை என்று தாங்களே நினைத்துக்கொண்டு, கடைசிவரை அப்பத்தைத் தொடாமல் செத்துப்போனவர்கள் உண்டு. முர்தினா முப்பது வயதில் மேசைக்குப் போனவள். ரூரி போனதே இல்லை. கடைசி பெஞ்சில், கதவோரம் உட்காருவான். "அங்கதான் காத்து வரும்" என்பான்.

அவள் போதகர் யூவனைத் தேநீருக்குக் கூப்பிட்டாள். என்னையும் இருக்கச் சொன்னாள், சாட்சிக்கு. போதகர் சின்ன வயசுக்காரர், எடின்பரோவில் படித்தவர். சபைத் தலைமையிலிருந்து வந்த அறிக்கை ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார். அதில் கோடு போட்டிருந்தார். கருவானதிலிருந்தே அது மனித உயிர், ஆகையால் வேறொரு தம்பதிக்குக் கொடுப்பதே சரி என்று நிதானமாக விளக்கினார். அவர் சொன்னதில் ஓட்டை இல்லை.

"அப்ப அதுங்க இப்ப உயிரோட இருக்கா, போதகரய்யா?"

"உயிரோடதான்."

"அப்ப நான் அதுங்களுக்காக ஜெபிக்கலாமா?"

"தாராளமா."

"என்னன்னு? நல்லா வளரணும்னா? நல்லபடியா சாகணும்னா?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"கடைசி நாள்ல எல்லாரும் எழும்புவோமே. அதுங்க எழும்புமா? எத்தனை வயசுல? எங்கிட்ட வருமா, யாருன்னு கேக்குமா?"

"எனக்குத் தெரியாது, முர்தினா," என்றார் போதகர். தெரியாது என்று சொன்னதற்காக அந்த நிமிஷம் அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. பிறகு மெதுவாக, "இந்தக் கேள்வியைக் கிளாஸ்கோ போறதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும்," என்றார்.

"ஆமா. எஃபிக்குத் தண்ணி தெளிச்சப்போ நீங்களும் கேட்டிருக்கலாம், மிச்சம் எத்தனைன்னு. எல்லாரும் பாடிட்டு கேக் சாப்பிட்டுப் போயிட்டீங்க."

"நான் அப்ப இங்க வரலியே."

"உங்க நாற்காலி இங்கதான் இருந்துச்சு."

அவர் அறிக்கையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். போகும்போது வாசலில் நின்று ஜெபம் பண்ணினார். ஜெபத்தில் அந்த மூன்றையும் என்ன சொல்லிக் குறிப்பிடுவது என்று தெரியாமல் ஓரிடத்தில் நின்றுபோனார்.

திருவிருந்துக் காலம் வியாழனில் தொடங்கித் திங்களில் முடியும். அதில் வெள்ளிக்கிழமை கேள்வி நாள். சபை மூப்பர் ஒருவர் எழுந்து வேதத்திலிருந்து ஒரு பகுதியைச் சொல்லி ஒரு கேள்வி வைப்பார்: உண்மையானவனுக்கும் போலிக்கும் அடையாளம் என்ன? போதகர் பெயர் சொல்லிக் கூப்பிட, ஆண்கள் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் வாழ்க்கையிலிருந்து பேசுவார்கள். கேள்வி வைத்தவர் மட்டும் பதில் சொல்லக் கூடாது, அதுதான் முறை. மேசைக்குப் போகிற ஆண்கள்தான் பேசலாம். பெண்கள் பேசுவதில்லை.

"பாத்தியா, மேசைக்குப் போற எனக்கு வாய் இல்லை," என்றாள் முர்தினா. "வாய் இருக்கிற ரூரி மேசைக்குப் போறதில்லை. ரெண்டு பேரும் சேந்தாத்தான் ஒரு கேள்வி கேக்கலாம். சேர மாட்டேங்குறோம்."

அந்த முறை கேள்வி வைக்க வேண்டியவர் மூப்பர் ஃபின்லே. என் பிள்ளைகளைப் பள்ளிக்கூடப் பஸ்ஸில் ஏற்றிப் போனவர். அதற்கு முன்பு படகு வைத்திருந்தார். டோர்மோட் விழுந்தது அவர் படகிலிருந்துதான். அன்றைக்குக் காலை ஏழு மணியிலிருந்து தேடிவிட்டு மத்தியானம் படகைத் திருப்பினார். அதற்குப் பிறகு கடலுக்குப் போகவே இல்லை. ரூரி இருபத்திரண்டு வருஷமாக அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. எஃபி அவர் பஸ்ஸில் ஏறிய நாட்களில் ரூரி வாசலுக்குக்கூட வரமாட்டானாம்.

"அவர்கிட்டயா போகப் போற?" என்று கேட்டேன்.

"அவரைத் தவிர யாருக்குப் புரியும்?"

நான்தான் காரோட்டிப் போனேன். ஃபின்லே அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சாக்ஸோடு உட்கார்ந்திருந்தார், இன்னொன்று காய்ந்துகொண்டிருந்தது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, சாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேள்வி நாள்ல சட்டம் கேக்கறதில்ல, மகளே," என்றார். "செய்யலாமா கூடாதான்னு போதகரைக் கேக்கணும். நாங்க அடையாளம்தான் கேப்போம்."

"அப்ப அடையாளமே கேளுங்க."

"நான் எழும்பினா உன் புருஷன் வெளிய போயிடுவான்."

"கதவோரம்தானே உக்காந்திருக்கான். யாருக்கும் தொந்தரவு இருக்காது."

அவர் தொண்டையில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போயிற்று. "யோசிக்கிறேன்," என்றார். நாங்கள் எழுந்த பிறகு, "மூணுக்கும் பேர் இருக்கா?" என்று கேட்டார்.

முர்தினா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேரை யாரும் வைக்க வேண்டியதில்லை என்று அவருக்கும் தெரியும். வரிசை அவருக்கும் தெரியும். முதலில் டோர்மோட். பிறகு அவளுடைய அப்பா ஆங்கஸ். பெண்ணாயிருந்தால் ரூரியின் அம்மா கிர்ஸ்டி.

வெள்ளிக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. மழைக்கோட்டு வாசனை. நானும் முர்தினாவும் நடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், ரூரி பின்னால். பாட்டு முடிந்ததும் ஃபின்லே எழுந்தார்.

"பிள்ளையோட வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட அடிமைப்பெண் ஆகாரை வனாந்தரத்துல பாக்குறோம்," என்றார். "தோல்பையில தண்ணி தீந்துபோச்சு. பிள்ளையைச் செடி கீழ விட்டுட்டு, அது சாகறதைப் பாக்க மாட்டேன்னு அம்பு விடும் தூரம் தள்ளிப் போய் உக்காந்தா. பிள்ளை மேல உள்ள அன்பால தள்ளிப் போறவங்க உண்டு. தன் மேல உள்ள அன்பால தள்ளிப் போறவங்களும் உண்டு. வெளியில இருந்து பாத்தா ரெண்டு பேரும் ஒரே தூரத்துலதான் உக்காந்திருப்பாங்க. சகோதரர்கள் அடையாளம் சொல்லணும்."

உட்கார்ந்துவிட்டார். முர்தினாவின் கையுறை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டது. பின்னால் கதவுச் சத்தம் கேட்குமா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை.

முதலில் பேசியவர் வழக்கமான வார்த்தைகளைச் சொன்னார். இரண்டாவது ஆள், பள்ளிக்கூட வாத்தியார், மனிதன் இன்றைக்குப் படித்துத் தெரிந்துகொண்ட ஒவ்வொன்றும் அவனை ஒரு அம்பு தூரம் தள்ளித்தான் உட்கார வைக்கிறது என்றார். நன்றாகப் பேசினார், கொஞ்சம் அதிகமாக. மூன்றாவதாக எழுந்தவர் அடுப்பெரிக்கச் சதுப்பு நிலத்தில் கரிமண் வெட்டுகிற தடித்த மனிதர். அவர் மனைவி இன்வர்னெஸ் மருத்துவமனையில் மூச்சு இயந்திரத்தில் இருந்து இறந்தவள்.

"இயந்திரத்தை நிறுத்துறப்போ நர்ஸ் சொன்னா, வேணும்னா வெளிய போய் ஒரு காப்பி குடிச்சுட்டு வாங்கன்னு," என்றார். "போனேன். காப்பி நல்லா இருந்துச்சு. இன்னிக்கு வரைக்கும் என்னைப் பிடிச்சு உலுக்கறது அதுதான். நல்லா இருந்துச்சு." அடையாளம் எதுவும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார்.

கடைசியாக ஒரு கிழவர், குரலே எழும்பாதவர், "அழுதது தாய்," என்றார். "ஆனா தேவன் கேட்டது பிள்ளையோட குரலைன்னு எழுதியிருக்கு. நாம தூரம் போனாலும் அவர் போகல."

முர்தினா என் காதோரம் வந்தாள். "குரலே இல்லாததை?" என்று கேட்டாள். மூச்சில்தான் கேட்டாள். முன் பெஞ்சுக்காரி திரும்பிப் பார்த்தாள்.

கேள்வியை முடித்துவைக்க வேண்டிய போதகர் முன்னால் தாள் வைத்திருந்தார். அதைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு நான் சேர்க்க ஒண்ணுமில்ல," என்று சொல்லிப் பாட்டைக் கொடுத்தார்.

வெளியே வந்தபோது ரூரி காரில் ஏறாமல் சுவரோரம் நின்றிருந்தான். ஃபின்லே தொப்பியைக் காற்றில் பிடித்துக்கொண்டு அவனைத் தாண்டப் போனார்.

"எத்தனை மணிக்குத் திருப்பின?" என்றான் ரூரி.

சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். நிறுத்தாத மாதிரிக் காட்டிக்கொண்டார்கள்.

"ரெண்டரை," என்றார் ஃபின்லே.

"ரெண்டுன்னு கரைக்கு ரேடியோல சொன்னியே."

"ரெண்டுக்குச் சொன்னேன். ரெண்டரைக்குத் திருப்பினேன். அந்த அரை மணி நேரம் கை கேக்கல."

"அப்புறம் எப்படித் திருப்பின?"

ஃபின்லே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "படகுல இருந்த நாலு பேரும் ஒரே பக்கமா நின்னு பேர் சொல்லிக் கூப்பிட்டோம். இருக்கியான்னு கேட்டுக் கூப்பிடல, ரூரி. போறோம்னு சொல்லக் கூப்பிட்டோம். சொல்லாமத் திருப்ப முடியல."

ரூரி தலையை ஆட்டினான். ஆமாம் என்றா இல்லை என்றா, தெரியவில்லை. முர்தினாவிடம், "ஏறு, மழை வருது," என்றான்.

சனிக்கிழமை, மறுநாள் மேசைக்குப் போகிறவர்களுக்கு மூப்பர்கள் தகடு கொடுப்பார்கள். விரல் நக அளவுக்கு ஈயத்தகடு. ஞாயிற்றுக்கிழமை மேசையில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அப்பத்தை எடுக்க வேண்டும். ஃபின்லே ஒரு கேள்வியும் கேட்காமல் அதை முர்தினாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். ஞாயிறன்று பாட்டு எழும்பி, போகிறவர்கள் எழுந்து ஒவ்வொருவராக நடந்தபோது அவள் அசையவில்லை. பாட்டு முடிந்தது. தகடு கையுறைக்குள்ளேயே இருந்தது.

திங்கட்கிழமை இருவரும் நாலாவது கட்டத்தில் கையெழுத்திட்டார்கள். ரூரி கீழே தன் கோணல் எழுத்தில் ஒரு வரி சேர்த்தான்: அப்போது நாங்கள் அங்கே இருக்க வேண்டும். மருத்துவமனையிலிருந்து ஃபோனில் பேசிய பெண், தான் வேலைக்கு வந்த நாளிலிருந்து இப்படி யாரும் கேட்டதில்லை என்றாளாம். கேட்டுச் சொல்கிறேன் என்று ஃபோனை வைத்தவள், ரெண்டு நாள் கழித்து வாருங்கள் என்றாள்.

அக்டோபர் நடுவில் போய்வந்தார்கள். என்ன நடந்தது என்று முர்தினா எனக்கு அடுத்த பிப்ரவரியில்தான் சொன்னாள், சூப் கலக்கிக்கொண்டே.

"சின்ன அறை. ஒரு பொண்ணு பெரிய கையுறை போட்டுக்கிட்டு ஒரு தொட்டியைத் திறந்தா. நம்ம ஃப்ரீசர் மாதிரியே புகை. மூணு குச்சி எடுத்தா, ஸ்ட்ரா மாதிரி, பேனா ரீஃபில் மாதிரி. தட்டுல வெச்சா. அவ்வளவுதான், இனிமே தானா நடக்கும்னா. ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்கன்னா."

"சொன்னீங்களா?"

"ரூரி கூப்பிட்டான். ஆங்கஸ், கிர்ஸ்டின்னு மெதுவாத்தான் சொன்னான். டோர்மோட்னு சொல்றப்போ கத்திட்டான், கடல்ல கூப்பிடற மாதிரி. காரிடார்ல போனவங்க எட்டிப் பாத்தாங்க. அந்தப் பொண்ணு அழுதுட்டா, பாவம்." கரண்டியை நிறுத்தினாள். "உனக்கு ஒண்ணு சொல்லட்டுமா? யார்கிட்டயும் சொல்லல. நான்தானே பாக்கணும் பாக்கணும்னு நின்னவ? அவளைத் தட்டைக் கொண்டுவர வெச்சவ? அந்த நிமிஷம் கண்ணை மூடிக்கிட்டேன். கெட்டியா மூடிக்கிட்டேன். திறந்தப்போ புகை போயிடுச்சு. தட்டுல ஈரம் மட்டும் இருந்துச்சு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். வேண்டாம் என்று விட்டேன். ஒருமுறை பதில் சொன்னவள் அல்லவா.

மார்ச் மாதத் திருவிருந்துக்கு முன்பு ஒரு செய்தி வந்தது. ரூரி மேசைக்கு வர அனுமதி கேட்டு மூப்பர்கள் முன்னால் போயிருக்கிறான். அந்த அறையில் பேசுவது வெளியே வரக் கூடாது. திங்கட்கிழமைக்குள் பள்ளிக்கூடச் சமையலறைக்கு வந்துவிட்டது.

போதகர் கேட்டாராம்: "கிளாஸ்கோல செஞ்சது பாவம்னு நினைக்கிறியா?"

"ராத்திரி ஆமான்னு நினைக்கிறேன்," என்றானாம் ரூரி. "காலையில இல்லைன்னு நினைக்கிறேன். ரெண்டையும் தேவன்கிட்டதான் சொல்றேன். முன்னாடி அவர்கிட்ட சொல்ல எனக்கு ஒண்ணும் இருந்ததில்ல."

"நான் அது தப்புன்னுதான் இன்னமும் நினைக்கிறேன், ரூரி."

"நீங்க அப்படித்தான் நினைக்கணும், போதகரய்யா. எல்லாரும் சரின்னு சொல்லிட்டா எனக்குப் பயமாப் போயிடும்."

பிறகு ஃபின்லே, "விடை தெரிஞ்சவனுக்குத்தான் அப்பம்னா நான் இன்னிக்கே மூப்பர் வேலையை விட்டுடறேன்," என்றாராம். போதகர்தான் எழுந்து முதலில் கையை நீட்டியது என்று சொன்னார்கள். அது உண்மையாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

அந்த ஞாயிற்றுக்கிழமை முர்தினா நடு பெஞ்சுக்கு வராமல் நேரே கடைசிப் பெஞ்சுக்குப் போனாள். நானும் கூடப் போய் உட்கார்ந்தேன். காற்று வரத்தான் செய்கிறது அங்கே. பாட்டு எழும்பியது. ரூரி எழுந்தான். ஐம்பது அடி நடக்க அவனுக்கு மூன்று சரணம் ஆயிற்று. மேசையில் ஃபின்லேக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. ரொட்டித் தட்டை ஃபின்லே நீட்டினார், ரூரி வாங்கினான். பின்னாலிருந்து பார்க்க இரண்டு முதுகுகள் தெரிந்தன, அவ்வளவுதான். முர்தினா கண்ணை அகலத் திறந்து, இமைக்காமல் பார்த்தாள்.

அவன் திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் மூச்சில் திராட்சரச வாடை.

"எப்படி இருந்துச்சு?" என்றாள் வாய்க்குள்.

"கடை ரொட்டி," என்றான். "நீ சுட்டா நல்லா இருக்கும்."

அவளுடைய மூடிய கையைத் தன் மடிக்குக் கொண்டுவந்து திறந்து பார்த்தான். செப்டம்பர் மாதத் தகடு. வேர்வையில் கறுத்திருந்தது. அவன் அவள் விரல்களை அதன்மேல் மறுபடி மடக்கிவைத்தான், ஃபின்லே மடக்கின மாதிரியே.

அதன் பிறகு எத்தனையோ திருவிருந்து வந்து போயிற்று. ஒவ்வொரு முறை எண்ணும்போதும் பெட்டியில் அந்த ஒரு தகடு குறைவாகவே இருக்கிறது. ஃபின்லே பெட்டியை மூடிப் பூட்டிவிடுவார். யாரிடம் இருக்கிறது என்று அவர் கேட்டதில்லை.

ஃப்ரீசருக்கு இப்போது அவளே போகிறாள். நான் எழுந்தால், "உக்காரு, உன் முட்டி எனக்குத் தெரியும்," என்று அதட்டுவாள். பெரும்பாலும் உடனே வந்துவிடுவாள். சில நாள் கதவு கத்த ஆரம்பிக்கும். கத்திக்கொண்டே இருக்கும். நான் உரித்துக்கொண்டிருக்கிற கிழங்கைப் பிடித்தபடி, போய்ப் பார்க்கலாமா என்று நினைப்பேன். போகமாட்டேன். இருந்த இடத்திலிருந்தே, "முர்தினா! மீனா, பட்டாணியா?" என்று கத்துவேன்.

பதில் வருகிறவரை கை ஓடாது.

"மீன்," என்று குரல் வரும். இதுவரை வந்திருக்கிறது.